பற்று நோட்டை மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் என்னைப் பார்ப்பதில்லை

#1 பாலக்கோட்டுக் கடைக்காரன்
21 ஜூலை 2025, இரவு 10.40

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. அவர் காலத்திலிருந்து பற்று நோட்டு உண்டு. நீள நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் ஆள் பெயர் இருக்காது. மேட்டுவீடு, போர்க்காரர், பள்ளத்துக் கொல்லை என்றுதான் இருக்கும். யார் வந்து வாங்கினாலும் அந்தப் பக்கத்தில் ஏறும். குழந்தை வந்து "அம்மா எழுதிக்கச் சொன்னாங்க" என்றால் போதும்.

ஏப்ரலில் கூட்டிப் பார்த்தேன். 58 பக்கம், 1,86,400 ரூபாய். அதில் இருபது பக்கத்தில் மூன்று மாதமாக ஒரு ரூபாய்கூட வரவு இல்லை. எனக்குச் சரக்கு போடுகிற சேல்ஸ்மேன் முன்பெல்லாம் ஒரு வாரம் பில்லை விட்டுவிட்டுப் போவான். இப்போது கேஷ் இல்லையென்றால் வண்டியிலிருந்து பெட்டியை இறக்குவதே இல்லை. சரி என்று நோட்டை மூடிவிட்டேன். "இன்று ரொக்கம், நாளை கடன்" போர்டு ஒன்று வாங்கி மாட்டினேன். அப்பா அந்தப் போர்டைக் கடைசிவரை மாட்டவில்லை. அதைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தையல்கார அக்கா ஒருவர் இருக்கிறார். இருபது வருடப் பழக்கம். என் மகளின் முதல் பாவாடையிலிருந்து அவர்தான் தைத்தது. பாக்கி 3,400. நோட்டை மூடிய நாளிலிருந்து அவர் என் கடைப் பக்கம் வருவதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக் கடைக்குப் போகிறார். போன வாரம் அவர் பையன் இருபது ரூபாய் நோட்டோடு தேங்காய் எண்ணெய் பாக்கெட் வாங்க வந்தான். மீதிச் சில்லறையை வாங்கி, என் முன்னாலேயே எண்ணினான். அப்புறம் இன்னொரு தரம் எண்ணினான். இத்தனை வருடத்தில் அந்தப் பையன் என் கடையில் சில்லறை எண்ணி நான் பார்த்ததில்லை.

அவனை மட்டும் குறை சொல்லவில்லை. என் கண்ணும் மாறிவிட்டது. யாராவது "அரை கிலோ சர்க்கரை" என்று படியேறினால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்கிறேன். காசு இருக்கிறதா என்று. கல்லாவுக்கு மேலே கேமரா ஒன்றும் வைத்துவிட்டேன். திருட்டு ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் வைத்தேன்.

கடை வைத்திருப்பவர்கள் யாராவது நோட்டை மூடிவிட்டு மறுபடி திறந்திருக்கிறீர்களா? நான் செய்தது தப்பா?

#2 சும்மா வந்தேன்
21 ஜூலை 2025, இரவு 11.02

எங்க ஊர் டீக்கடையில் "கடன் அன்பை முறிக்கும்" போர்டு ஒரு ஆணியில். பக்கத்து ஆணியில் நகைக்கடன் கம்பெனி காலண்டர். மாஸ்டர் இரண்டுக்கும் ஊதுபத்தி காட்டுகிறார்.

#3 பழைய கேஷியர்
22 ஜூலை 2025, காலை 6.15

தம்பி, தப்பே இல்லை. அரூர் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். கொடுக்க முடியாதவன் நேரில் வந்து "இந்த மாதம் ஆகாது சார்" என்பான். கொடுக்க மனசில்லாதவன்தான் சுற்றுவழியில் போவான்.

கஷ்டம் மனுஷனை மாற்றிவிட்டது, பாவம் என்கிற பேச்செல்லாம் எனக்கு ஒத்துவராது. 2021-இல் கூட்டுறவு நகைக்கடன் ஐந்து சவரன் வரை தள்ளுபடி என்று அரசு அறிவித்ததே, அந்தச் சமயம் கவுன்டருக்கு வந்தவர்களைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து சவரனுக்குள் வருகிற மாதிரி மனைவி பேரில் கொஞ்சம், அம்மா பேரில் கொஞ்சம் என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தவர்கள், "எனக்கு வருமா சார்" என்று காரை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்கள். வறுமையா அவர்களை அப்படி ஆக்கியது? நாணயம் என்பது ஆளைப் பொறுத்தது. பணத்தைப் பொறுத்ததல்ல.

#4 ஒசூர் ஷிப்ட்
22 ஜூலை 2025, பிற்பகல் 3.30

கேஷியர் ஐயாவுக்கு மரியாதையோடு சொல்கிறேன், சுற்றுவழியில் போகிறவன் நான். எனக்குக் கொடுக்க மனசு இருந்தது.

ஒசூரில் வண்டி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருந்தேன். போன நவம்பரில் ஆர்டர் குறைந்தது, எங்கள் லைனில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். வாடகை, பாப்பா ஸ்கூல் பீஸ் என்று முதலில் ஒரு தண்டல் எடுத்தேன். பத்தாயிரம் என்று பேர், கையில் வந்தது 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள். வேலை இல்லாதவன் தினம் நூறு ரூபாய்க்கு எங்கே போவான்? அதைக் கட்ட இன்னொரு தண்டல். இது ஒன்றும் புதுக்கதை இல்லை, ஒசூரில் எந்தத் தெருவிலும் கேட்கலாம். விடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. என் நண்பன் ஒருவனின் தங்கைக்குத் தேன்கனிக்கோட்டையில் கல்யாணம், தை மாதம். என் கல்யாண மொய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவன் 2,001 எழுதியிருக்கிறான். அது போட்டு ஏழு வருடம் ஆகிறது, திருப்பி எழுதும்போது மூவாயிரமாவது எழுத வேண்டாமா? என்னிடம் இருந்தது முந்நூறு ரூபாய். "ஷிப்ட் மாற்ற முடியவில்லைடா" என்று போனில் சொல்லிவிட்டேன். அவனுக்கு வேலை போனதே தெரியாது. அன்று சாயந்திரம் ஒசூர் பஸ் ஸ்டாண்டில் கல்யாண வீட்டு வேனிலிருந்து இறங்கினவன் நேராக என் முன்னால் வந்து நின்றான். "ஷிப்ட் முடிஞ்சுதா?" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சில்லை. நான் பெரிய ஆளாகிவிட்டேன், தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். கையில் காசில்லாதது அவன் கண்ணுக்குத் திமிராகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. "வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்" என்று சொல்லும்போது நான் பொய் சொல்வதாக எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை எப்படியாவது வந்துவிடும் என்று உண்மையாகவே நம்புவேன். அது பொய்யாவது வியாழக்கிழமை ராத்திரி. அப்போது போன் செய்து சொல்ல வாய் வராது. நேரில் வந்து "ஆகாது சார்" என்று சொல்லலாம் என்கிறீர்கள். ஒருமுறை சொல்லலாம். மூன்றாவது முறை என்ன முகத்தோடு போவது?

கெட்டது எதுவென்றால், நானும் யாரையும் நம்பாமல் போனதுதான். டீக்கடையில் நாலு பேர் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். அண்ணன் போன் செய்து "எப்படி இருக்கே" என்றால், எதற்குக் கேட்கிறான், அம்மா நகையைப் பற்றிக் கேட்கப்போகிறானோ என்று யோசிப்பேன். அவன் சும்மாதான் கேட்டிருக்கிறான்.

#5 குழுத்தலைவி
22 ஜூலை 2025, இரவு 9.10

கடைக்காரத் தம்பி எழுதிய தையல்கார அக்கா மாதிரி ஒருத்தியிடம் நான் செய்ததைச் சொல்கிறேன். ரொம்ப நாளாக யாரிடமும் சொல்லாதது.

முதலில் பழசு. மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் முதலில் ஆரம்பித்தது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். 1989, ஐஃபாட் என்கிற ஐ.நா. நிதி அமைப்பின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான், 2004-இல்தானே பிரித்தார்கள். எங்க அம்மா ஆரம்பத்தில் சேர்ந்தவர்களில் ஒருத்தி. மாதம் இருபது ரூபாய் சேமிப்பு. மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, இந்த மாதம் யாருக்கு அவசரம் என்று பேசிக் கொடுப்பார்கள். ஒருத்தி கட்டவில்லையென்றால் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மாடு செத்துப்போச்சு, புருஷன் ஆஸ்பத்திரியில் இருக்கான். சரி, அறுப்பு முடியட்டும் என்பார்கள். சண்டை வராது என்று சொல்லவில்லை, நன்றாகவே வரும். ஆனால் அது அவர்கள் பணம், அவர்கள் சண்டை.

இப்போது அதே பேரில் நடப்பது வேறு. கம்பெனிக்காரர் வாரக் கடன். பத்துப் பேர் சேர்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பு. நான் எங்கள் சென்டருக்குத் தலைவி. போன வருடம் ஒரு நாள் எங்களில் ஒருத்தி மீட்டிங்குக்கு வரவில்லை. வசூலுக்கு வந்த பையன், "அந்த டியூ வராமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்றான். களை எடுக்கப் போக வேண்டியவர்கள், ஸ்கூலுக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டியவர்கள், எல்லோருக்கும் கோபம் வந்தது. அவன்மேல் வரவில்லை, அவள்மேல் வந்தது. கிளம்பி அவள் வாசலில் போய் உட்கார்ந்தோம்.

அவள் உள்ளே இருக்கிறாள், வெளியே வரவில்லை. மாமியார் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டூலை எடுத்து எனக்குப் போட்டார், மற்றவர்களுக்குப் பாய் விரித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். வெயில். அந்த மோரை நாங்கள் குடித்தோம். குடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி நேரம் கழித்து அவள் தன் மகளின் கொலுசைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். கை நீட்டி வாங்கினது நான்.

ரிசர்வ் வங்கி விதியெல்லாம் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து, இந்த மாதிரிக் குழுக்கடனுக்கு ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை ஒன்பதுக்கு முன்னாலும் சாயந்திரம் ஆறுக்குப் பின்னாலும் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக இந்த வருடம் நம்ம சட்டமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றினார்கள். நல்லதுதான். ஆனால் விதியெல்லாம் கம்பெனி ஆளைப் பற்றியது. அந்தப் பையன் அன்று தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் உட்கார்ந்தது நாங்கள்தானே.

இப்போது குழாயடியில் நான் நின்றால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறாள். நான் போன பிறகு வருகிறாள்.

#6 சும்மா வந்தேன்
22 ஜூலை 2025, இரவு 9.25

அக்கா, கிண்டல் பண்ணலாம் என்று வந்தேன். முடியவில்லை.

#7 பாலக்கோட்டுக் கடைக்காரன்
23 ஜூலை 2025, இரவு 11.15

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி தூக்கம் வராமல் நோட்டை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினேன். அந்த இருபது பக்கமும் எப்போது தடுமாற ஆரம்பித்தது என்று பார்த்தால், பெரும்பாலும் போன கார்த்திகை, மார்கழி.

அது எந்த மாதம் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. நூறு நாள் வேலைக் கூலி வராமல் நின்ற சமயம். ஞாபகம் இருக்கும், தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அப்போது நாள் கூலி 319, இந்த ஏப்ரலிலிருந்து 336. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது அந்த வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் வேலை செய்துவிட்டார்கள், கூலி வரவில்லை, என் கடையில் அரிசி வாங்கினார்கள். கணக்குப்படி நான் கடன் கொடுத்தது மேட்டுவீட்டுக்கும் பள்ளத்துக் கொல்லைக்கும் இல்லை, டெல்லிக்கு.

பிறகு கூலி சேர்ந்து வந்தது. வந்த பணம் எனக்கு ஏன் வரவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். இப்போது யோசித்தால் விடை குழுத்தலைவி அக்கா எழுதியதில் இருக்கிறது. வாரக் கடன்காரன் வாசலுக்கு வருகிறான், ஆள் கூட்டி உட்கார வைக்கிறான். தண்டல்காரன் ரோட்டில் நிறுத்திக் கத்துகிறான். நான் என்ன செய்கிறேன்? "பாருங்கக்கா, முடிஞ்சப்போ" என்கிறேன். கையில் ஆயிரம் வந்தால் யாருக்குப் போகும்? கத்துகிறவனுக்குத்தான். மரியாதையாகக் கேட்கிறவன் வரிசையில் கடைசி. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கும் இதே கதிதான். நம்ம தொப்பூரில்தான் 2023-இல் அதற்கு விண்ணப்பம் வாங்குகிற முகாமையே தொடங்கி வைத்தார்கள். அந்தப் பணம் ஏறுகிற அன்று காலையிலேயே தெருவில் வசூல் பைக் சத்தம் கேட்கிறது.

தையல்கார அக்கா வாரக் கடன் தவணை ஒன்றுகூடத் தவறவிட்டதில்லையாம். விசாரித்தேன். அந்தப் பையனைக் கண்டு அவர் ஒளியவில்லை. என்னைக் கண்டுதான் ஒளிகிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

#8 ஒசூர் ஷிப்ட்
23 ஜூலை 2025, இரவு 11.50

அண்ணா, தண்டல்காரன் முன்னால் எனக்கும் வெட்கம் கிடையாது. பயம் மட்டும்தான். நண்பன் முன்னால்தான் வெட்கம். அந்த அக்காவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

#9 கடைசி பெஞ்ச்
24 ஜூலை 2025, காலை 8.20

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கேஷியர் ஐயா சொன்ன "நாணயம் ஆளைப் பொறுத்தது" என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்லலாம். நமக்குப் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது என்பதால் சொல்கிறேன்.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். 2013-இல் சயின்ஸ் ஆய்விதழில் வந்தது. எழுதியவர்களில் பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் ஒருவர். கரும்புக்கு வருமானம் வருடத்தில் ஒருமுறைதான் மொத்தமாக வரும். அதனால் அறுவடைக்கு முன்னால் கை வறண்டிருக்கும், அறுவடைக்குப் பின்னால் தெளிந்திருக்கும். அதே விவசாயிக்கு இரண்டு சமயத்திலும் ஒரே மாதிரிப் புதிர்கள் கொடுத்தார்கள், வடிவங்களைப் பார்த்து விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற மாதிரி. முன்னால் கொடுத்தபோது தெளிவாகக் குறைவாகச் செய்தார்கள். முன்னால் நூற்றுக்கு 78 பேர் ஏதாவது அடகு வைத்திருந்தார்கள், பின்னால் 4 பேர்.

அதே ஆள், அதே படிப்பு, அதே புத்தி. மாறியது பணம் கையில் இருந்ததா இல்லையா என்பது மட்டும். மனசில் எந்நேரமும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் மற்றதற்கு இடம் இருக்காது என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. வணக்கம் சொல்ல மறப்பது, தேதியை மறப்பது, சிடுசிடுப்பது எல்லாம் அந்தக் கணக்கிலும் சேரும் என்று நான் நினைக்கிறேன். அதை நாம் "ஆளே மாறிட்டான்" என்று எடுத்துக்கொள்கிறோம்.

#10 பழைய கேஷியர்
24 ஜூலை 2025, காலை 11.40

சார், புதிர் போடத் தெரியாமல் போனதற்கும் கடனைத் திருப்பாததற்கும் என்ன சம்பந்தம்? புத்தி மங்கினால் பொய் சொல்லத் தோன்றுமா?

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். குழுத்தலைவி அம்மா எழுதியதைப் படித்துவிட்டு என் சர்வீஸை நினைத்துப் பார்த்தேன். வசூலுக்குப் போன வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் எல்லாம் ஐயாயிரம், எட்டாயிரம் ஆட்கள். லட்சக்கணக்கில் பாக்கி வைத்தவர்கள் ஒருத்தரும் ஒளிந்ததில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, "கேஷியர் சாருக்கு ஸ்ட்ராங்கா ஒரு காபி" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். அவர்கள் நேரில் வந்து பேசியதால் நாணயஸ்தர்கள் என்று நினைத்திருக்கிறேன். நான் #3-இல் எழுதியது கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

#11 பெங்களூரா
24 ஜூலை 2025, இரவு 8.05

காவேரிப்பட்டணம் பக்கம், நாலு ஏக்கர் மாந்தோப்பு. பேரைப் பார்த்து பெங்களூர்க்காரன் என்று நினைக்காதீர்கள். கூழ் ஃபேக்டரிக்குப் போகிற கிளிமூக்கு மாங்காய்க்கு எங்கள் பக்கம் அந்தப் பேர்தான்.

கடைசி பெஞ்ச் சாருக்கு ஒரு கேள்வி. கரும்புக்காரனுக்கு அறுவடைக்கு அப்புறம் பணம் வந்தது, புத்தி தெளிந்தது. எனக்கு அறுவடையே கஷ்டமாகிவிட்டால்? இந்த வருடம் பெங்களூரா கிலோ நாலு, ஐந்து ரூபாய்க்குப் போனது. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போட்டால் கையிலிருந்து கொடுக்க வேண்டும். சித்தூர் பக்கம் அவர்கள் அரசு விலை கட்டிக்கொடுத்தது, வெளி மாநில மாங்காய் உள்ளே வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. இங்கிருந்து முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நான் பாதித் தோப்பை மரத்திலேயே விட்டேன். பழுத்து விழுந்து ஈ மொய்த்த வாடை ஒரு மாதம் போகவில்லை.

நம்பிக்கை பற்றிய இழை என்பதால் இதைச் சொல்கிறேன். என்னிடம் ஒரு பவர் ஸ்பிரேயர் இருக்கிறது. நாலு கொல்லைக்கும் அதுதான் போகும், வாடகை கிடையாது. போன வருடம் ஒருத்தர் நாசில் உடைந்து திருப்பிக் கொடுத்தார், உடைந்ததைச் சொல்லவும் இல்லை. மாற்ற அறுநூறு ரூபாய் ஆனது. இந்த வருடம் பூ விட்ட நேரத்தில், பக்கத்துக் கொல்லைக்காரர், என் அப்பாவோடு கூடப் பிறந்த மாதிரி இருந்தவர், வந்து கேட்டார். "ரிப்பேருக்குப் போயிருக்கு மாமா" என்றேன். ஷெட்டில் இருந்தது. அவர் உடைத்தவரும் இல்லை. மறுநாள் விடியற்காலை நான் மருந்தடிக்க எடுத்தேன். ஸ்பிரேயர் மோட்டார் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று தெரியுமல்லவா. வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். நிறுத்தவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை.

நல்ல வருடமாக இருந்தால் அறுநூறு ரூபாய்க்கு நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். போன மாதம் அவர் வீட்டில் போர் மோட்டார் எரிந்துபோனது. முன்பெல்லாம் என் கிணற்றிலிருந்துதான் ஓஸ் போடுவார். இந்த முறை கேட்கவில்லை. டேங்கர் தண்ணீர் வாங்கினார்.

#12 சும்மா வந்தேன்
24 ஜூலை 2025, இரவு 8.30

2023-இல் தக்காளி நூறைத் தாண்டியபோது எங்க மாமா கொல்லையில் கட்டில் போட்டு டார்ச் லைட்டோடு படுத்தார். சொந்தத் தம்பி வரப்பில் நடந்தால்கூட "யாரது" என்பார். விலை விழுந்தபோது அதே மாமா, யாராவது பறித்துக்கொண்டு போனால் கொல்லையாவது சுத்தமாகும் என்றார். அப்போது ஒருத்தனும் வரவில்லை. நம்பிக்கைக்கும் மார்க்கெட் ரேட் உண்டுபோல.

#13 புதுசு
25 ஜூலை 2025, காலை 10.00

கடைக்காரரே, பாக்கி வைத்தவர்கள் பெயரை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். எங்கள் பக்கம் ஒருத்தர் போட்டார், மூன்றே நாளில் பாதி வசூல்.

#14 குழுத்தலைவி
25 ஜூலை 2025, காலை 10.20

போடாதீர்கள் தம்பி. மீதிப் பாதி ஜென்மத்துக்கும் வராது. வந்த பாதிக்காரர்களும் கடைக்கு வர மாட்டார்கள்.

#15 நெறியாளர்
25 ஜூலை 2025, பகல் 12.00

#13-க்குக் கீழே வந்த நாலு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சாதி, கட்சி பற்றிப் பேச வேறு இழைகள் இருக்கின்றன.

#16 பாலக்கோட்டுக் கடைக்காரன்
17 ஆகஸ்ட் 2025, இரவு 10.20

ஆடி முடிந்தது. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

போர்டை எடுத்துவிட்டேன். பழைய நோட்டைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு சின்னச் சிட்டை வாங்கினேன். பத்து ரூபாய் குயர் நோட்டுதான். ஆயிரம் ரூபாய் வரை பற்று. சிட்டை அவர்களிடமே இருக்கும், என்ன எழுதினாலும் என் நோட்டிலும் சிட்டையிலும் சேர்த்து எழுத வேண்டும். பழைய பாக்கியை இதில் கலப்பதில்லை, நானாகக் கேட்பதும் இல்லை. 58 வீட்டில் இதுவரை 31 வீடு சிட்டை வாங்கியிருக்கிறது. மேட்டுவீட்டுக்காரர், "இத்தனை வருஷம் சிட்டை இல்லாமதானே ஓடுச்சு, இப்போ என்ன ரெண்டு கணக்கு" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான். அப்பாவின் நோட்டில் நான் என்ன எழுதினாலும் அதுதான் கணக்கு, யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இப்போது இரண்டு பேரும் எட்டிப் பார்த்துச் சரிபார்க்கிறோம். கறிவேப்பிலை கொசுறு கொடுத்தால்கூட, "இதை எழுதிட்டீங்களா" என்று கேட்கிறார்கள்.

தையல்கார அக்கா விஷயம். நானே போனேன். பாக்கி பற்றிப் பேசவில்லை. மகளுக்கு இரண்டு சுடிதார் துணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், அளவு சட்டையைக் கேட்டார், அவ்வளவுதான் பேச்சு. நாலு நாளில் தைத்துப் பையனிடம் கொடுத்தனுப்பாமல் அவரே கடைக்குக் கொண்டுவந்தார். நான் ஐந்நூறு ரூபாய் எடுத்தேன். "நோட்டுல கழிச்சுக்கோங்க" என்றார். என் முன்னாலேயே கழிக்கச் சொல்லி, 3,400 அடித்து 2,900 என்று எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் சுடிதாருக்கு அடியில் இன்னொரு சின்னப் பை. வெட்டி மிஞ்சின துண்டுத் துணி எல்லாம் அதில் இருந்தது. விரல் அகலத் துண்டுகூட விடவில்லை. எங்கள் ஊரில் எந்தத் தையல்காரரும் துண்டுத் துணி திருப்பிக் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. இந்த அக்கா அந்தத் துண்டுகளில்தான் என் மகள் சின்னவளாக இருந்தபோது பொம்மைக்குச் சட்டை தைத்துத் தருவார்.

#17 ஒசூர் ஷிப்ட்
17 ஆகஸ்ட் 2025, இரவு 10.45

எனக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, கான்ட்ராக்ட்தான். முதல் சம்பளத்தில் நண்பனுக்கு 3,000 ஜிபேயில் அனுப்பினேன், "மொய்" என்று எழுதி. பார்த்திருக்கிறான். பதில் இல்லை. பணத்தையும் திருப்பி அனுப்பவில்லை.

#18 பழைய கேஷியர்
18 ஆகஸ்ட் 2025, காலை 6.05

கடைக்காரத் தம்பி, சிட்டை நல்ல யோசனை. சங்கத்தில் பாஸ் புக் என்று அதைத்தான் வைத்திருந்தோம். கேமராவைக் கழற்றினீர்களா?

#19 பாலக்கோட்டுக் கடைக்காரன்
18 ஆகஸ்ட் 2025, காலை 7.30

இல்லை ஐயா. தவணையில் வாங்கியது. இன்னும் நாலு டியூ பாக்கி இருக்கிறது.